அப்பா வெட்டிய கோதுமைப்புல்

பவித்ரா கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "மண்டபமெல்லாம் வேணாம்மா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டுட்டு வந்துடறோம். நாலு பேருக்கு முன்னாடி வந்து நிக்கறது அப்பாவுக்குத்தான் சங்கடம்" என்றாய். "சரி, பேசலாம்" என்று வைத்துவிட்டேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். அது சம்மதம் இல்லை. அப்போது அப்பா எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அதனால் வாயைத் திறக்க முடியவில்லை. இப்போது அவர் காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். தனியாகத்தான் போயிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும். உன் கல்யாணம் மண்டபத்தில்தான் நடக்கும். உன் அப்பா வாசலில் நின்று, வருகிறவர்களை இரண்டு கையையும் கூப்பி வரவேற்பார். ஆசையில் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது நீ பார்த்த அப்பாதான் இன்னும் உன் மனதில் இருக்கிறார். வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தவர். அதற்குப் பிறகு வீடியோவில் நீ கூப்பிட்டபோதெல்லாம் அவர் முகம் மட்டும்தான் உனக்குத் தெரிந்தது. கையைக் காட்டாமல் பார்த்துக்கொண்டார். "கை முழுசா வரட்டும், அப்பறம் பாப்பாகிட்ட நானே சொல்றேன். அதுவரைக்கும் நீ ஒண்ணும் உளறி வெக்காத" என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். இத்தனை மாதம் காப்பாற்றினேன். நீ ரிஜிஸ்டர் ஆபீஸ் என்று சொன்ன பிறகு இனியும் காப்பாற்றுவது தப்பு.

முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் இதில் வரும். ஆனால் பூனாவில் இருந்துகொண்டு நீ போனில் கேட்டது ஒன்று, வீட்டுக்குள் நான் பார்த்தது வேறு. தி.நகர் தையல்கடையில் அந்த நீள மேசைக்குப் பின்னால் உன் அப்பா நிற்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நீ. துணியை விரித்து, தடவி, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, கத்தரியை உள்ளே விட்டாரானால் மறுமுனை வரைக்கும் நிறுத்த மாட்டார். கரீம் பாய் கடைக்கு வருகிறவர்கள் யார் தைப்பார்கள் என்று கேட்டதே இல்லை. "மாஸ்டர்தானே வெட்டுவாரு?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கைதான் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பிரஷ்ஷை நழுவ விட்டது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். மேல் வீட்டு லலிதா டீச்சர் ஓடி வந்து, ஆட்டோ பிடித்து, உடனே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்ததால், பக்கவாதத்தில் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பேச்சு வந்துவிட்டது. கால் மெல்ல வந்துவிட்டது. கை மட்டும் வரவில்லை. யாரோ தன் மடியில் வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல அவர் தன் கையைப் பார்ப்பார்.

பிசியோதெரபி செய்ய ரேஷ்மா என்று ஒரு பெண் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள், உன் வயதுதான் இருக்கும். ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "அங்கிள், அழுத்தி அழுத்தி விடுங்க" என்பாள். அவர் இரண்டு தடவை அழுத்துவார். பந்து உருண்டு கட்டிலுக்கடியில் போகும். "சின்னப் புள்ளைங்க ஆடற ஆட்டம் இது. எனக்கு இன்னாத்துக்கு?" என்பார். கடைசியில் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடையிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தால் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வார். கரீம் பாய் ஒரு நாள் வந்து, வாசலோடு நின்று என்னிடம் சொன்னார்: "மாஸ்டர் இடம் அப்படியே கீதும்மா. வேற யாரையும் அந்த டேபிள்ல நிக்க வெக்கல. சொல்லிடுங்க." உள்ளே வந்து சொன்னேன். கண்ணைத் திறக்காமலே, "வேற ஆள வெச்சுக்கச் சொல்லு" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாவற்றையும் நானே செய்தேன். சோறு பிசைந்து ஊட்டினேன், சட்டைப் பித்தான் போட்டேன், தலை வாரினேன், தண்ணீர் டம்ளரைக்கூட வாயருகே பிடித்தேன். அன்பு என்று நினைத்துத்தான் செய்தேன். நீயும் கல்யாணமாகி உன் வீட்டுக்குப் போகிறாய், அதனால் சொல்கிறேன். அருண் நல்ல பையன். அவனுக்கு ஒன்று முடியாமல் போனால் நீ பக்கத்தில் இரு. அவன் கை வேலையை நீ பிடுங்கிக்கொள்ளாதே. அவன் செய்ய வேண்டியது மெதுவாக நடந்தாலும், கோணலாக நடந்தாலும், கொஞ்சம் சிந்தினாலும் பார்த்துக்கொண்டு சும்மா இரு. சும்மா இருப்பது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது கோதுமைப்புல்தான்.

மார்கழியில் ஒரு நாள் லலிதா டீச்சர் ஒரு டிபன் பாக்ஸில் முளைகட்டிய கோதுமை கொண்டுவந்து கொடுத்தார். டீச்சர் தினமும் பார்க்கில் நடந்துவிட்டு கேட் பக்கத்தில் விற்கிற கோதுமைப்புல் ஜூஸைக் குடித்துவிட்டு வருகிறவர். "வீட்டுலயே வளர்க்கலாம், ஒரு வாரத்துல புல்லு வந்துடும். சாருக்கு அரைச்சுக் குடுங்க" என்றார். அவர் கை வந்துவிடும் என்று எனக்கு ஒரே நப்பாசை. ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவில்லை. டாக்டர் சிரித்தார். "கொஞ்சமா குடிக்கட்டும்மா. மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க. புல்லு குடிச்சா கை வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க" என்றார். அவர் சொன்னதுதான் சரி. குடித்ததால் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் நீ தெரிந்துகொள், நாளைக்கு யாரிடமாவது மாற்றிச் சொல்லிவிடாதே.

பால்கனி ஓரத்தில், அப்பா உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் தட்டில் மண் பரப்பி கோதுமையைத் தூவினேன். செடிக்குத் தண்ணீர் எவ்வளவு ஊற்றினால் அவ்வளவு நல்லது என்று நினைத்து ஊற்றித் தள்ளினேன். மூன்றாம் நாள் தட்டு முழுக்க வெள்ளைப் பூஞ்சை. வீடே நாறியது. அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா இது, வீட்ல மாடு வாங்கிக் கட்டப் போறியா?" என்றார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் வாயிலிருந்து வந்த கிண்டல் அது. எனக்குக் கோபமே வரவில்லை, இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்றிருந்தது. அடுத்த தட்டும் அழுகிப் போனது. அதைக் கொட்டப் போனபோது அவரே சொன்னார்: "தட்டுக்கடியில ஓட்டையே இல்ல. தண்ணி எங்க போவும்? மேல மேல ஊத்தினுகீற."

ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டேன். ரேஷன் கோதுமையைக் கழுவி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் ஈரத்துணியில் முடிந்து தொங்கவிட்டேன். வெள்ளையாக முளை எட்டிப் பார்த்ததும் மெல்லிய மண்மேல் நெருக்கமாகப் பரப்பி, ஈரப் பேப்பரால் மூடினேன். தண்ணீர் ஊற்றுவதை விட்டுவிட்டு, காலையும் மாலையும் தெளிக்க மட்டும் செய்தேன். ஒரு காலை பேப்பர் தானாகவே மேலே தூக்கிக்கொண்டு நின்றது, அடியில் இருந்து புல் தள்ளியிருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றைக்கு அவர் நாற்காலியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

தெளிப்பதற்கு நான் வைத்திருந்தது அவருடைய பழைய ஸ்ப்ரே பாட்டில். துணிக்கு இஸ்திரி போடும்போது தண்ணீர் அடிப்பாரே, அதேதான். ஒரு நாள் நானும் டீச்சரும் ராயப்பேட்டைக்குப் போய்விட்டு வந்தோம். மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்ததில் பஸ் நகரவே இல்லை, வெயில் ஏறிவிட்டது. புல் வாடியிருக்கும் என்று அடித்துப் பிடித்து மாடியேறினால், எல்லாத் தட்டிலும் நீர்த்துளி மின்னுகிறது. "யாருங்க தண்ணி தெளிச்சது?" என்றேன். "மேல் வீட்டு டீச்சர்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "டீச்சர் என்கூடத்தானே வந்தாங்க" என்றேன். என் பின்னால் நின்ற டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு மேலே போய்விட்டார். அப்பாவின் லுங்கியெல்லாம் ஈரம், தரையெல்லாம் ஈரம். பாட்டில் அவர் மடியில் கிடந்தது. "இடது கையில பாட்டில புடிச்சுக்கினு, அந்த வெரலுங்கள அதுமேல வெச்சு அழுத்தினேன். ரெண்டு கையும் சேந்துதான் அடிச்சுது" என்றார். அந்த விரல்கள் என்றுதான் சொன்னார், என் விரல்கள் என்று சொல்லவில்லை. மறுநாளிலிருந்து நான் அந்தப் பாட்டிலைத் தொடவில்லை. தரை நனைந்தால் நனையட்டும் என்று துடைப்பத்தை மட்டும் பக்கத்தில் வைத்தேன்.

வெட்டுவதுதான் அடுத்து. ஒரு சாண் உயரம் வந்ததும் நான் காய்கறிக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தேன். மேலும் கீழுமாக இருக்கும். வாழ்க்கை முழுக்க நேராக வெட்டியவருக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. "கொண்டா இங்க" என்றார். பெட்டியில் இருந்த அவருடைய பெரிய கத்தரியை எடுக்கப் போனேன். "அது வேணாம். நூல் வெட்டறது கீது பாரு, அதைக் குடு" என்றார். விரல்நீளம்தான் அந்தக் கத்தரி. அதை அவர் விரல்களுக்குள் செருகுவதற்கே எவ்வளவு நேரம் ஆனதென்று சொன்னால் நம்ப மாட்டாய். என் கை தன்னால் முன்னே போனது, இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். முதல் தடவை மூடியது, திறக்கவில்லை. இடது கையால் பிரித்துவிட்டு மறுபடி மூடினார். நாலைந்து இலை விழுந்தது. நெற்றி வியர்த்து ஊற்றியது. "போதுங்க" என்று சொல்ல வாய் வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவர் வெட்டிய அந்தப் பிடிப் புல்லைத்தான் அன்று அரைத்து, வடிகட்டி, எலுமிச்சை பிழிந்து இரண்டு பேரும் குடித்தோம். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிட்டு, "கண்றாவியா கீது. நாளைக்கும் வெட்டறேன்" என்றார்.

பந்தை வைத்து முடியாதது புல்லில் எப்படி முடிந்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். பந்தை எத்தனை தடவை அழுத்தினாலும் அது பந்துதான். புல்லை வெட்டினால் கையில் ஏதோ மிஞ்சுகிறது, ஒரு டம்ளர் நிரம்புகிறது. துணியைக் கோணலாக வெட்டிவிட்டால் போனது போனதுதான், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். புல் கோணலாகப் போனால் யாரும் கேட்கப் போவதில்லை. அடுத்த தட்டு வளர்ந்துகொண்டே இருக்கிறது. ரேஷ்மாவைத் திரும்பக் கூப்பிட்டேன். அவள் வந்து அவர் வெட்டுவதைப் பார்த்துவிட்டு, பந்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடினாள். "அங்கிள், தினமும் ஒரு தட்டு. இதுதான் உங்க எக்சர்சைஸ்" என்றாள். தினமும் ஒரு தட்டு வெட்ட வேண்டுமென்றால் தினமும் ஒரு தட்டு விதைக்க வேண்டுமே. பால்கனி, ஜன்னல் விளிம்பு, பிரிஜ் மேலே என்று வீடெங்கும் தட்டாகிவிட்டது. இவ்வளவையும் யார் குடிப்பது? டீச்சரின் நடைத் தோழிகள் பார்க்கிலிருந்து நேராக நம் வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்தார்கள். தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்கிறவர், அவர்களுக்காகக் காலையிலேயே குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

எல்லாம் ஏறுமுகமாகவே போனது என்று நினைத்துவிடாதே. கத்திரி வெயிலில் ஒரு நாள், கை வந்துவிட்டது என்ற துணிச்சலில், எனக்குத் தெரியாமல் பெரிய கத்தரியை எடுத்துப் பழைய லுங்கி ஒன்றை வெட்டிப் பார்த்திருக்கிறார். பாதியில் கை இறுகிப் பிடித்துக்கொண்டது. துணி கிழிந்து, கத்தரி தரையில் விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன். "இது அவ்ளோதான். புல்லு வெட்டத்தான் லாயக்கு" என்று போய்ப் படுத்துவிட்டார். சாப்பிடவில்லை. மறுநாளும் எழுந்திருக்கவில்லை. அந்த வெயிலில் தெளிக்காமல் விட்ட புல்லெல்லாம் வைக்கோலாகிவிட்டது. எனக்கும் அலுத்துவிட்டது, கண்ணு. எத்தனை நாள் ஒருத்தி இன்னொருத்தரை இழுத்துக்கொண்டே போவது? எல்லாத் தட்டையும் எடுத்துக் குப்பையில் கவிழ்த்துவிட்டு, அவர் காதில் விழுகிற மாதிரி, "இனிமே இந்த வீட்ல புல்லு கெடையாது" என்று சொல்லிவிட்டுக் கபாலி கோயில் குளக்கரையில் போய் உட்கார்ந்தேன். இருட்டுகிற வரைக்கும் வீட்டுக்கு வரவில்லை.

காலையில் எழுந்து சமையலறைக்குப் போனால் அவர் எனக்கு முன்னால் அங்கே நிற்கிறார். கோதுமை ஊறியிருக்கிறது. அதைத் துணியில் கொட்டி, ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, வலது கையால் மறுமுனையைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் கதவோரம் நின்றேன். முடிச்சு அவிழ்ந்தது, மறுபடி போட்டார். நின்றது. திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு டீச்சரம்மா வந்து கேட்டா இன்னா சொல்றது? பால்கனில வெயில் ஜாஸ்தி. இந்தத் தடவை உள்ளாற நெழல்ல வெப்போம்" என்றார். நான் காபிக்கு டிகாஷன் போட்டேன். அதுவரைக்கும் அந்தப் புல் என்னுடையதாக இருந்தது. அன்றிலிருந்து அது அவருடையது.

அதற்கப்புறம் அவர் அவசரப்படவில்லை. சின்னக் கத்தரியிலிருந்து நடுத்தரக் கத்தரிக்குப் போனார். நேராக வெட்டினார், பிறகு தட்டில் வளைவாக வெட்டினார். ஒரு நாள் தட்டைப் பார்த்தால் புல்லுக்கு நடுவே பிளவுஸ் கழுத்து மாதிரி அரைவட்டம். "இது யு நெக்கு" என்று அவரே சிரித்தார். ஆனி மாதம் ஒரு காலை, புல்லெல்லாம் கொடுத்து முடித்ததும், "கெளம்பு, தி.நகர் போய்ட்டு வரலாம்" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. பஸ்ஸில்தான் போனோம். ஜன்னல் கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு வந்தார். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் யாரோ இடித்தபோதுகூட என் தோளைப் பிடிக்கவில்லை.

கடை மாடிப்படியில் அவர் தலை தெரிந்ததும் ஒரு தையல் மெஷின் நின்றது. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லா மெஷினும் நின்றுவிட்டன. கரீம் பாய் கல்லாவிலிருந்து எழுந்து, "வாங்க மாஸ்டர்" என்றார். அப்பா யாரிடமும் நலம் விசாரிக்கவில்லை. நேராக அந்த நீள மேசைக்குப் போனார். மேசை துடைத்துச் சுத்தமாக இருந்தது, ஒரு துண்டுத் துணிகூட அதன்மேல் இல்லை. பைக்குள்ளிருந்து ஒரு பிளவுஸ் பிட்டை எடுத்தார். பொங்கலுக்கு நீ எனக்கு அனுப்பிய மயில்கழுத்துப் புடவையோடு வந்தது, தைக்கக் கொடுக்காமல் நான் பீரோவில் வைத்திருந்தது. அதை எப்போது எடுத்து வைத்தாரோ. விரித்தார், தடவினார், இடது கையால் சாக்கைப் பிடித்துக் கோடு போட்டார். வலது கையில் பெரிய கத்தரி. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் வெட்டு விழுந்தது. சரக்கென்று அந்தச் சத்தம், எத்தனை காலமாகக் கேட்காத சத்தம். தோளில் ஆரம்பித்து கைக்குழி வளைவில் மெல்லத் திரும்பி இறங்கினார். வளைவில் ஒரு இடத்தில் கை நின்றது. பாய் மெதுவாக, "மாஸ்டர், டீ சொல்லட்டுமா?" என்றார். "இரு பாய், இத முடிச்சுக்கறேன்" என்றார் அப்பா, தலையைத் தூக்காமல். விரல்களைத் தளர்த்தி, மறுபடி இறுக்கி, வளைவை முடித்துக் கீழ் விளிம்பு வரைக்கும் வந்துவிட்டார். வெட்டிய துண்டை உதறித் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். "நூலு கூட பிசிறல" என்றார். அவ்வளவுதான். தைக்கிறவர்களைத் திரும்பிப் பார்த்து, "இன்னா, வேலை இல்லியா யாருக்கும்?" என்றார். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தன. பாய் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மறைக்கவெல்லாம் இல்லை, அங்கேயே உட்கார்ந்து நன்றாக அழுதேன், சிரித்துக்கொண்டே அழுதேன்.

இப்போது காலையில் புல், பதினொரு மணிக்கு மேல் கடை. முன்னைப் போல வேகம் இல்லை. சுண்டுவிரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை, ரேஷ்மா அதற்கும் நாள் ஆகும் என்கிறாள். ஆகட்டும். நம் தெருவில் அவரைப் பார்த்து யாரும் பாவம் என்று சொல்வதில்லை, "மாஸ்டர், எனக்கும் ஒரு தட்டு போட்டுக் குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். இந்த மனிதரை நாலு பேர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்து உனக்குக் கல்யாணம் செய்ய நான் சம்மதிப்பேனா? நீ அவர் சங்கடப்படக் கூடாது என்றுதான் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் நேசிக்கிறவர்களுக்கு எது முடியாது என்பதை நாமாகவே முடிவு செய்யக் கூடாது, கண்ணு. நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நீ அருணிடம் அப்படிச் செய்யாதே, அவன் உன்னிடம் செய்தாலும் விடாதே.

ஆவணியில் நல்ல முகூர்த்தமாகப் பார். மயிலாப்பூரிலேயே மண்டபம் பிடிக்கலாம். உன் ஆபீஸ்காரர்கள், பள்ளிக்கூடத் தோழிகள், அருண் வீட்டார், நம் தெரு, கரீம் பாய் கடை மொத்தம், யாரையும் விடாமல் கூப்பிடு. ஒன்றே ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முகூர்த்த பிளவுஸை வேறு எங்கேயும் தைக்கக் கொடுத்துவிடாதே, போனில் அளவு சொல்கிறேன் என்றும் ஆரம்பிக்காதே. மாஸ்டர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். டிக்கெட் போட்டு இந்த மாதமே நேரில் வா, அவர்தான் அளவு எடுக்க வேண்டும்.

உன் அம்மா